ஒட்டுக்குக் கீழே

எனக்கு எக்ஸ்ரே எடுக்கும் வேலை. "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்று சொன்னால் முரட்டு மீசைக்காரர்கூடக் கப்சிப் என்று நிற்பார். வீட்டில் என் பேச்சு எடுபடுவதில்லை.

இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது எனக்கென்று நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கொல்லையில் வெயில் விழும் மூலை, அதில் ஒரு கமலா ஆரஞ்சு. சுவரின் நிறம் முதல் சோபா வரை அவர்கள் இஷ்டம், அந்த மூலை மட்டும் என் இஷ்டப்படி இருக்கட்டும் என்றேன். தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் என் புகுந்த வீட்டை அடித்துக்கொள்ள ஆளில்லை.

நர்சரியில் ஒட்டுச்செடி வாங்கினேன். கீழே காட்டு எலுமிச்சையின் வேரும் தண்டும், அதன்மேல் ஒட்டிய ஆரஞ்சுக் கிளை. ஒட்டு மண்ணில் புதையாமல் நட்டேன். அதற்குக் கீழே தலைகாட்டிய துளிரையெல்லாம் அவ்வப்போது கிள்ளி எறிந்தேன், விட்டால் அவை ஆரஞ்சை அமுக்கிவிடும். செடி மெதுவாகத்தான் வளர்ந்தது. ஆரஞ்சுக்கு அவசரம் கிடையாது. வீட்டில் மற்றவர்களுக்கு இருந்தது.

"சவலையா இருக்கேம்மா" என்பார் மாமனார். நான் டூட்டிக்குப் போனதும் காபிச் சக்கையைக் கொண்டுபோய்க் கொட்டுவார். கேட்டால், "செடிக்கும் ஒரு சுறுசுறுப்பு வேணாமா?" என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். எதையாவது கழற்றி மாட்டாவிட்டால் கை அரிக்கும். தண்ணீர் தேங்கி வேர் அழுகக் கூடாதென்று நான் கட்டிய மேட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை வெட்டிக் குழியாக்கிவிட்டு, "இப்பத்தான் தண்ணி நிக்கும்" என்றார். முணுமுணுத்தபடி மறுபடி மேடு கட்டினேன்.

தங்கைக்குப் பிரசவம் என்று கிளம்பும்போது இருவரையும் கொல்லையில் நிற்கவைத்துச் சொன்னேன். "மண்ணு காஞ்சா தண்ணி ஊத்துங்க. வேற எதுவும் பண்ண வேணாம். செடியத் தொடவே தொடாதீங்க." தலையாட்டினார்கள்.

போன இடத்தில் மாதக்கணக்காகிவிட்டது. திரும்பி வந்ததும் கணவர் என் பெட்டியைக்கூட வாங்கவில்லை, நேரே கொல்லைக்கு இழுத்துப் போனார். என் தோள் உயரத்துக்குத் தளதளவென்று ஒரு செடி.

"எப்படி? நீ இருந்தப்ப இடுப்பளவுகூட இல்ல."

கிட்டே போனேன். விரல் நீளத்துக்கு முள். ஓர் இலையைக் கசக்கி மோந்து பார்த்தேன், ஆரஞ்சு வாசனையே இல்லை. ஒட்டுக்கு மேலே இருந்த என் ஆரஞ்சைக் காணோம். அதை வெட்டி, வெட்டுவாயில் பெயிண்ட் வேறு பூசியிருந்தார்.

"மேல இருந்தது நோஞ்சானா இருந்துச்சு. கீழருந்து வீரியமா ரெண்டு கெளம்புச்சு. சத்து வீணாப் போகுதேன்னு நோஞ்சான எடுத்துட்டேன்."

"நீங்க எடுத்ததுதாங்க ஆரஞ்சு. இது அதத் தாங்கறதுக்கு வச்ச காட்டு எலுமிச்ச."

ஒரு கிளையை வளைத்துப் பார்த்தார். "இதுவும் காய்க்கும்ல?"

"காய்க்கும். வாயில வைக்க முடியாது."

"சர்க்கரை தூக்கலாப் போட்டு ஜூஸ் போடலாம்மா" என்றார் மாமனார், படியில் நின்றபடி.

குனிந்து தேடினேன். வெட்டுவாய்க்கும் ஒட்டுக்கும் நடுவில் அரிசி அளவுக்கு ஒரு துளிர். ஆரஞ்சுக்கு இன்னும் உயிர் இருந்தது. ஆனால் இந்தக் காட்டுக் கிளைகள் நிற்கும்வரை அதற்கு ஒரு சொட்டு சத்து போகாது. அவருடைய டூல் பெட்டியிலிருந்து ரம்பத்தை எடுத்து வந்தேன்.

"ஏய், இரு. தினமும் வேலைக்குப் போறதுக்கு முன்னாடி பார்த்துப் பார்த்து வளர்த்தது. உனக்காகத்தான் பண்ணேன்."

உண்மைதான். அதுதான் எனக்கு ஆத்திரத்தையும் அழுகையையும் ஒன்றாகக் கிளப்பியது. வேண்டுமென்றே செய்திருந்தால் ஒரு மூச்சு சண்டை போட்டு முடித்திருப்பேன். ஆசையாகச் செய்தவரை என்ன சொல்லித் திட்டுவது? முதல் கிளையை அறுத்துச் சாய்த்தேன். முள் முழங்கையைக் கிழித்தது.

"தொடாதீங்கன்னு மட்டுந்தானே சொன்ன?" என்றார், குரல் இறங்கி. "ஏன்னு சொல்லியிருந்தா தொட்டிருப்பேனா?"

ரம்பத்தை நிறுத்தினேன். "நான் வேணாம்னு சொன்னது போதாதாங்க? ஏன்னும் சொல்லணுமா?"

அறுந்து விழுந்த கிளையை ஓரமாக இழுத்துப் போட்டார். பிறகு இரண்டாவது கிளையை எனக்காகப் பிடித்துக்கொள்ளக் கை நீட்டினார்.

"கைய எடுங்க" என்றேன்.

எடுத்தார். ஏன் என்று கேட்கவில்லை.