ஜன்னலுக்கு வெளியே ஒரு நிமிடம்

1

இந்தக் கதையை நான் திருடினேன். முதலிலேயே சொல்லிவிட்டால் மனசு லேசாகும்.

போன மாதம் என் மூக்குக் கண்ணாடியின் கால் ஒன்று உடைந்துவிட்டது. சரிசெய்யக் கொடுத்திருந்த கடைக்கு மத்தியானம் போனேன். வேறு யாரும் இல்லை. கண்ணைச் சோதித்து, கண்ணாடியும் பொருத்தித் தரும் பெண் மேசைக்குப் பின்னால் நின்றிருந்தார். ஒரு கையில் குட்டித் திருப்புளி, மறு கையில் போன். 'உட்காருங்க' என்று எனக்குக் கண்ணாலேயே சொல்லிவிட்டு, போனில் பேசினார்:

"அண்ணே, ஒரு சின்ன உதவி. போனை ஜன்னலுக்கு வெளிய நீட்டிப் பிடிங்க. ஒரே ஒரு நிமிஷம். நீங்க எதுவும் பேசாதீங்க... இல்லண்ணே, நான் நல்லாத்தான் இருக்கேன்."

கண்ணை மூடிக்கொண்டார். சுவரில் மாட்டியிருந்த அத்தனை கண்ணாடிச் சட்டங்களும் என்னையே பார்த்தன. ஒரு நிமிடம் கழித்து, "ரொம்ப நன்றிண்ணே. வேணாம்" என்று போனை வைத்தார். நோட்டில் ஒரு வரியை அடித்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "என்னம்மா இது?" என்றேன்.

"லீவுக்குக் குடும்பத்தோட போக இடம் பாக்குறேங்க. எல்லாரும் அமைதியான இடம்னுதான் சொல்றாங்க. நான் காதால கேட்டாத்தான் நம்புவேன்."

எனக்குத் தெரிந்த உண்மை அவ்வளவுதான். வீடு வரும்வரை என் கால் தரையில் பாவவில்லை. எப்போதாவது ஒருமுறை கடவுள் ஒரு கதையை இப்படி நம் மடியில் வைத்துவிட்டுப் போவார். இனி வருவதெல்லாம் நானாகக் கற்பனை செய்தது. அந்தப் பெண் இதைப் படித்தால் மன்னிக்க வேண்டும்.

2

எப்படித் தொடங்குவது?

முதல் முயற்சி: "அமைதி என்பது சத்தம் இல்லாத நிலை அல்ல, அது உள்ளத்தின்..." (எனக்கே கொட்டாவி வந்துவிட்டது. அடித்தேன்.)

இரண்டாவது: "அந்த வீட்டில் மூன்று பேர். அவர்களில் ஏழு வயதுப் பெண்ணுக்குச் சத்தம் என்றால்..." (மருத்துவர் எழுதும் சீட்டு மாதிரி இருக்கிறது. ஒரு குழந்தையை அப்படியா உள்ளே கூட்டி வருவது?)

மூன்றாவது:

கட்டிலுக்கு அடியிலிருந்து பட்டாணி சொன்னாள். "இந்த வருஷம் நான் வரல. நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் அத்தை வீட்டுல இருந்துக்கறேன்."

இது இருக்கட்டும். இங்கிருந்துதான் எனக்குக் கை ஓடியது.

பட்டாணி என்பது வீட்டுப் பெயர். பிடிப்பதற்குள் உருண்டு ஓடிவிடுவாள். பெரிய சத்தம் அவளுக்கு வலிக்கும். பயமில்லை, வலி. போன வருடம் அவளுடைய பெரியப்பா குடும்பத்தோடு எல்லோரும் ஒரு பெரிய விடுதிக்குப் போனார்கள். நீச்சல் குளத்தைச் சுற்றிலும் பீரோ உயரத்துக்கு ஒலிபெருக்கிகள். மைக் பிடித்த ஒருவர், "சத்தம் பத்தல! இன்னும் சத்தம்!" என்று கத்திக்கொண்டே இருந்தார். பட்டாணி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு அடியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். மறுநாளே திரும்பிவிட்டார்கள். யாரும் அவளைத் திட்டவில்லை. வண்டியில் யாரும் எதுவும் பேசவுமில்லை. அந்த மௌனத்தைத்தான் அவள் தன் தப்பு என்று எடுத்துக்கொண்டாள்.

ஆகவே கண்ணாடிக்காரிக்கு (அந்த அம்மாவை இனி அப்படித்தான் அழைக்கப் போகிறேன்) வேண்டியது வெறும் விடுமுறை இல்லை. தன்னால்தான் எல்லாம் கெட்டது என்ற நினைப்பை மகளின் மனசிலிருந்து எடுத்துப் போடும் ஓர் இடம். அதற்கு அவளிடம் இருந்தது நான்கு நாள் லீவு.

3

கணவர் ரொட்டி வேன் ஓட்டுகிறவர். கூட்டம் என்றால் அவருக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு வரும்.

"அமைதியான இடத்துக்குப் போய் என்னதான் பண்றது?"

"சும்மா இருக்கறது."

"சும்மா இருக்க அஞ்சு மணி நேரம் வண்டி ஓட்டணுமா? இந்தா, இந்த சோபாவுலயே இருக்கேன்."

"சோபாவுல நீங்க எப்ப சும்மா இருந்தீங்க? டிவி இருக்கு, போன் இருக்கு, மேல் வீட்டுக்காரர் சுவத்துல துளை போட்டுக்கிட்டே இருக்காரு."

"சரி, எங்கண்ணன் கூப்பிட்டா என்ன சொல்ல?"

"காது கேக்கல, அப்பறம் கூப்பிடுன்னு சொல்லுங்க."

(இவரை முதலில் பிடிவாதக்காரராகத்தான் எழுதினேன். கதைக்கு யாராவது முட்டுக்கட்டை போட வேண்டுமே. மூன்றாம் பக்கத்தில் இவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தரையில் உட்கார்ந்து, வீட்டு நாற்காலிகளின் கால்களுக்கெல்லாம் பழைய கம்பளித் துண்டு ஒட்டினார். இழுத்தால் கிரீச்சிடக் கூடாதாம். நான் எழுதச் சொல்லவில்லை, அவராகவே செய்தார். அப்புறம் எப்படி அவரை வில்லனாக்குவது?)

கண்ணாடிக்காரி நோட்டில் பதினோரு இடங்களை எழுதி வைத்து, கடையில் ஆளில்லாத நேரத்தில் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள். முதல் இடத்தில், "ஜன்னலா? எங்க ரூமெல்லாம் ஏசிங்க" என்றார்கள். இரண்டாவதில் அவளைப் பைத்தியம் என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவரிடம் போனைக் கொடுத்தார்கள், அவர் இன்னொருவரிடம் கொடுத்தார். மூன்றாவதில் ஜெனரேட்டர். நான்காவதில் 'சற்றுக் காத்திருக்கவும்' என்று சொல்லி, மேளதாளத்தோடு ஒரு பாட்டைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஐந்தாமவர் நல்லவர். நீட்டினார், கேட்டாள், பக்கத்து மனையில் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. "இன்னும் ஒரு வருஷத்துல முடிஞ்சிடும்மா" என்றார்.*

* ஆறும் ஏழும் உண்டு. கதை நீளும் என்று விட்டுவிட்டேன்.

4

எட்டாவது இடம் ஏரிக்கரையில் நாலே அறைகள் கொண்ட ஒரு தங்கும் விடுதி. போனை எடுத்தவர், சாவிகளை வைத்துக்கொண்டு கூட்டிப் பெருக்கி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் அம்மா.

"நீட்டணுமா? எவ்ளோ நேரம்மா?"

"ஒரு நிமிஷம் போதும்க்கா. பேசாம இருங்க."

ஒரு வாளியைத் தரையில் வைக்கும் ஓசை. பிறகு காற்று எதையோ புரட்டியது, பழைய காலண்டராக இருக்கலாம். தண்ணீர் கல்லில் தொட்டுத் தொட்டுப் பின்வாங்கியது. ஒரு பறவை, இரண்டே முறை. கண்ணாடிக்காரி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஒரு நிமிடம் ஆயிற்று. மூன்று ஆயிற்று.

"அக்கா, போதும்! அக்கா!"

ஐந்து நிமிடம் கழித்துத்தான் குரல் வந்தது. "இன்னும் வேணுமா?"

"இவ்ளோ நேரமா நீட்டிக்கிட்டா இருந்தீங்க? நான் மூணு தடவ கத்துனேனே!"

"கத்தினியா? அமைதி வேணும்னு கேட்டவ நீதான?"

இருவரும் சிரித்தார்கள். அங்கேயே, அப்போதே, நான்கு நாளைக்கு நாலாம் எண் அறை உறுதியானது. கண்ணாடிக்காரி திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு சுற்றுச் சுற்றினாள்.

அடுத்த பத்து நாள் வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது. யாரும் சத்தம் போடாத கல்யாணம். தொப்பிகள் வந்தன. தூண்டில் வந்தது. ("நம்ம யாருக்கும் மீன் பிடிக்கத் தெரியாதே?" "தெரியாதவங்கதான் அமைதியா உக்காந்திருப்பாங்க, வாங்குங்க.") பட்டாணி மட்டும் எல்லாவற்றையும் அடுக்கி வைக்க உதவி செய்தாள், இரண்டு பேருக்கு. தன் துணியைத் தனிப் பையில் வைத்தாள், அத்தை வீட்டுக்கு.

"நேர்ல பாத்தா நீயே வரேம்ப," என்றாள் அம்மா.

"நீங்க பாத்துட்டு வந்து சொல்லுங்க," என்றாள் பட்டாணி.

5

கிளம்ப இரண்டு நாள் இருக்கையில் ஏரிக்கரை விடுதியின் சாவியம்மா கூப்பிட்டார்.

"ஏம்மா, நான் சொன்னேன்னு முதலாளிகிட்ட சொல்லிடாத. மீதி மூணு ரூமும் போயிடுச்சு. கால்பந்து டீமாம், கோப்பை ஜெயிச்சிருக்காங்களாம். இருபத்திரண்டு பேர். பாட்டுப் பெட்டி கொண்டு வரலாமான்னு கேட்டாங்க, இவரு தாராளமான்னுட்டாரு."

கண்ணாடிக்காரி நோட்டை மூடினாள். "சொல்லாமலே இருந்திருக்கலாமேக்கா."

"இருந்திருக்கலாம். பதினாலு வருஷமா இங்க இருக்கேன், இங்க என்ன கேக்குதுன்னு யாரும் என்னைக் கேட்டதில்ல. அன்னைக்கு உன்னாலதான் நானும் நின்னு கேட்டேன். உன்னை ஏமாத்த மனசு வரலம்மா."

வேறு எந்த இடத்திலும் அறை இல்லை. லீவை மாற்றவும் முடியாது.

இங்கே நான் எழுந்துபோய் முகம் கழுவினேன். பிறகு முடிவு ஒன்றை ஒரே மூச்சில் எழுதினேன்: கண்ணாடிக்காரி அந்த அணியின் தலைவரிடம் பேசுகிறாள். விஷயம் கேட்டு இருபத்திரண்டு பேரும் கண் கலங்குகிறார்கள். நான்கு நாளும் நுனிக்காலில் நடக்கிறார்கள்.

என் கைப்பிரதியை எல்லாம் முதலில் படிப்பவள் என் அக்கா. படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"இருபத்திரண்டு பேருமாடி நல்லவங்க?"

"இருக்கக் கூடாதாக்கா?"

"இருக்கலாம். ஒரே பஸ்ஸுல இருக்க மாட்டாங்க."

முடிவு இரண்டு: பயணம் ரத்து. "பட்டாணி தன் சின்னப் பையைத் தூக்கிக்கொண்டு அத்தை வீட்டு வாசலில் நின்று..." (முடியவில்லை. எழுத உட்காரும்முன் யாருக்கும் தீங்கு வராமல் எழுத வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற பழக்கம் எனக்கு. அந்தப் பையை நான் எப்படி அந்த வாசலில் இறக்கி வைப்பேன்?)

பேனாவை வைத்துவிட்டு, கண்ணாடிக்காரியை மறுபடியும் அவளுடைய கடைக்கே அனுப்பினேன். போய் வேலையைப் பார், அம்மா.

சோதனை நாற்காலியில் ஒரு பெரியவர். கனமான வட்டச் சட்டத்தை அவர் மூக்கில் மாட்டி, ஒவ்வொரு வில்லையாகப் போட்டு அவள் கேட்டாள். "இதுவா, இல்ல இதுவா? எது தெளிவா இருக்கு?"

அவருக்கு அலுத்துவிட்டது. "நீங்களே பாத்து நல்லதா ஒண்ணு போட்டு விட்டுடுங்கம்மா."

"என் கண்ணுக்கு நல்லா இருந்து என்ன பண்ணங்கய்யா? பாக்கப் போறது நீங்க."

தினம் பத்துப் பேரிடம் சொல்கிற வார்த்தைதான். சொன்னவள், வில்லையும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள். எட்டு இடம். கிடைத்த ஜன்னல்கள். எல்லாவற்றையும் அவள் தன் காதால்தான் கேட்டிருந்தாள்.

(நானும்தான். ஐந்து பகுதி எழுதிவிட்டேன், பட்டாணியை ஒரு வார்த்தை கேட்கவில்லை.)

6

சாயங்காலம் ஐந்தரை மணி. பட்டாணி வழக்கமான இடத்தில்.

"வெளிய வா பட்டாணி."

"வரல."

"சரி, நான் உள்ள வரேன்."

கண்ணாடிக்காரி கட்டிலுக்கு அடியில் நுழைந்தாள். ரொட்டி வேன்காரர் குனிந்து பார்த்தார். "எனக்கு இடம் இருக்கா?" பாதிதான் நுழைய முடிந்தது. "தொப்பை வெளிய இருக்கட்டும், காவலுக்கு."

அம்மா எதையும் மறைக்கவில்லை. ஏரி, சாவியம்மா, இருபத்திரண்டு பேர், பாட்டுப் பெட்டி. "உன்னைக் கேக்காமலே நான் பாட்டுக்கு இடம் பாத்துட்டேன். என் தப்புதான். இப்ப நீ கேளு. பிடிக்கலன்னா நாலு நாளும் மூணு பேரும் இந்தக் கட்டிலுக்கு அடியிலயே இருப்போம்."

அங்கிருந்தே ஏரிக்கரைக்குப் போன் போட்டாள். சாவியம்மா போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்தார். பட்டாணி கேட்டாள். ஒரு கண்ணை மூடி, பிறகு அதைத் திறந்து மற்றதை மூடிக் கேட்டாள். பெற்றவர்கள் இருவரும் தூசியில் தும்மல் வராமல் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள்.

அவளே பேசத் தொடங்கினாள். அம்மாவுக்கு அக்கா என்றால் தனக்குப் பெரியம்மா என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள்.

"பெரியம்மா, தண்ணி எவ்ளோ தூரத்துல இருக்கு?"

"பதினஞ்சு எட்டு கண்ணு. உன் காலுக்கு இருபத்தஞ்சு வச்சுக்க."

"அந்த அண்ணனுங்க எல்லாம் காலைல எத்தனை மணிக்கு எந்திரிப்பாங்க?"

அந்தப் பக்கம் சிரிப்பு. "ஆட்டம் போட்டுட்டுப் படுத்தாங்கன்னா, ஒன்பது மணி வரைக்கும் ஒருத்தரும் எந்திரிக்க மாட்டாங்க."

பட்டாணி விரல் விட்டு எண்ணினாள். "அப்பா, அஞ்சு மணிக்கு எந்திரிப்பீங்களா?"

"நான் நாலு மணிக்கே ரொட்டி ஏத்தறவன்டி."

"அஞ்சுலேருந்து ஒன்பது. நாலு மணி நேரம்." யோசித்தாள். "சாயங்காலம் பெட்டி போட்டாங்கன்னா, பெரியம்மா?"

"பின்னால என் ரூம் இருக்கு. கல்லுச் சுவரு, ஒண்ணும் கேக்காது. வந்து உக்காந்துக்க. நானும் அங்கதான் படுப்பேன், என் குறட்டை மட்டும்தான்."

"குறட்டை பரவால்ல," என்றாள் பட்டாணி. போனைக் கொடுத்துவிட்டுச் சொன்னாள், "அப்ப நாம போலாம்."

நாம. இத்தனை நாளும் 'நீங்க' என்றே சொல்லிக்கொண்டிருந்தவள். நான் நாற்காலியை விட்டு எழுந்து அறைக்குள்ளேயே இரண்டு சுற்று நடந்தேன். இப்படிச் சொல்வாள் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

7

வெள்ளிக்கிழமை காலை கிளம்பினார்கள். மத்தியானம் நாலாம் எண் அறையில் பைகளை வைத்தார்கள். நான்கு மணிக்கு வாசலில் ஒரு பஸ் வந்து நிற்கிறது.

இதற்கு மேல் எனக்குத் துணிவில்லை. ஜெயித்த சந்தோஷத்தில் வருகிறவர்கள் மேல் எனக்குக் கோபமும் இல்லை. அந்தக் கோப்பைக்காக எத்தனை விடியற்காலை ஓடினார்களோ. ஆனால் இருபத்திரண்டு பேரையும் நல்லவர்களாக எழுதினால் அக்கா சிரிப்பாள். ஒருவர் என்றால் சிரிக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். அந்த ஒருவராக நீங்கள் இருக்க முடியுமா?

கோப்பை யார் மடியிலோ இருக்கிறது. உங்கள் தோளில் பாட்டுப் பெட்டி. பஸ்ஸிலிருந்து இறங்குகிறீர்கள். சாவிக்கொத்தோடு வந்த அம்மா, "நாலாம் நம்பர்ல ஒரு சின்னப் பொண்ணு இருக்கா" என்று மட்டும் உங்களிடம் சொல்லிவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் போகிறார். இருபத்தைந்து எட்டுக்கு அப்பால், கணுக்கால் அளவுத் தண்ணீரில் அவள் நின்றுகொண்டு உங்களைப் பார்க்கிறாள். அவள் கைகள் இன்னும் காதுக்குப் போகவில்லை. பின்னாலிருந்து உங்கள் ஆட்கள், "என்ன பாத்துக்கிட்டு நிக்கற? பாட்டப் போடு!" என்கிறார்கள்.

என் பேனாவை மூடிவிட்டேன். பொத்தான் உங்கள் கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிறது.