வெயில் நேரத்துத் தூக்கம்

“கிரைண்டரை ஏன்டி நிறுத்துற? உன் வீட்டுக்காரரைக் கெளப்பு!”

“எங்கேக்கா கெளப்புறது? நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்த மனுஷன் தெருவுலயா படுப்பார்?”

“எங்க வீட்ல படுக்கட்டும். நானும் எங்க வீட்டுக்காரரும் வேலைக்குப் போனா சாயங்காலம்தான் வர்றோம். அதுவரைக்கும் பல்லிதான் குடியிருக்கு. இன்னிக்கு ஒரு நாளாவது நிம்மதியாத் தூங்கட்டும்.”

சாவியைக் காம்பவுண்டு சுவர்மேல் வைத்துவிட்டு, பக்கத்து வீட்டு குல்ஷன் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடினாள். சாராள் அங்கேயே நின்றாள்.

மாடியில் சோலார் பேனல் வந்து இரண்டு மாதம். “பத்து மணிக்கு மேல மூணு மணிக்குள்ள எல்லாத்தையும் ஓட்டிக்குங்க” என்று அதை மாட்டிய கௌதம் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். மோட்டார், வாஷிங் மெஷின், லேடீஸ் ஹாஸ்டலுக்கு மாவரைக்கும் பெரிய கிரைண்டர், எல்லாம் அந்த நேரத்தில்தான். நடுப்பகலில் அரைத்தால்தான் ஓசூர்க் குளிருக்கு மறுநாள் காலைக்குள் மாவு பொங்கியது. கூரையில் விழும் வெயிலில் ஒரு துளிகூட வீணாகக் கூடாது என்பதில் அவளுக்கு அப்படியொரு கண்டிப்பு.

அதே நேரத்தில்தான் கணவர் ஐசக் தூங்கியாக வேண்டும் என்பது அவளுக்கு உறைக்கவில்லை. அவரும் சொல்லவில்லை. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு புரண்டார். நேற்று ராத்திரி கம்பெனியில் தகடு அடிக்கும் பிரஸ் மெஷினுக்குள் கையை விட்டபடியே கண்ணயர்ந்துவிட்டார். சென்சார்தான் மெஷினை நிறுத்தியது. அதை அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவள் அவருடைய பத்து விரல்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். அதனால்தான் இன்று கிரைண்டரை நிறுத்தப் போனாள்.

“தலகாணியோட போனா, கோவிச்சுக்கிட்டுப் போறேன்னு நினைப்பாங்க” என்றார் ஐசக்.

“நினைச்சுட்டுப் போகட்டும். போய்ப் படுங்க.”

அன்று கிரைண்டரின் சத்தம் அவளுக்குப் பாட்டுபோலக் கேட்டது. நாலரை மணிக்கு, கன்னத்தில் பாய்த் தடத்தோடு வந்தார். கல்யாணமான புதிதில் பார்த்த முகம்.

“கனவெல்லாம் வந்துச்சு சாரா.”

குல்ஷன் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது சாராள் தெருமுனையிலேயே காத்திருந்தாள். நன்றி சொல்லத்தான் வந்தாள். அதற்கு முன், குல்ஷனின் டிஃபன் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“என்னடி இது, அழுறியா சிரிக்கிறியா?”

“ஆறு மணி நேரம் தூங்கினாருக்கா.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நீங்க ஒரு நாள்னுதான் சொன்னீங்க. கேக்கவே கூச்சமா இருக்கு. அவருக்கு இந்த மாசம் பூரா நைட் ஷிஃப்ட்டுக்கா. அதுவரைக்கும் பகல்ல உங்க வீட்லயே படுத்துக்கட்டுமா?”