மாடியிலிருந்து தெரிந்தது

ஏழாம் எண் கதையில் நான் இருந்தேன்.

சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் மாணவர்களுக்குச் சிறுகதைப் போட்டி. தமிழ்ப் பேராசிரியர் கார்த்திகேசன் பன்னிரண்டு கதைகளைத் தபாலில் அனுப்பியிருந்தார். எழுதியவர் பெயர் கிடையாது, எண் மட்டும். நான் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சனிக்கிழமை நேரில் போய், எழுத வருகிற பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்ல வேண்டும். தேர்வாகும் கதையை எழுதியவரே மதியம் மேடையில் வாசிப்பார். ஆண்டு மலரிலும் வரும்.

நான் எழுதியது ஒரே ஒரு தொகுப்பு. குடிகாட்டில் ஒரு கம்பெனியின் பரிசோதனைக்கூடத்தில் வேலை. என் மனைவி சத்யப்பிரியா இறந்து பதினாலு மாதம். காய்ச்சல், எட்டு நாள். அதன் பிறகு நான் ஒரு வரி எழுதவில்லை. முடியாது என்று போனில் சொன்னால் காரணமும் சொல்ல வேண்டும். சரி என்றேன்.

ஏழாம் எண் கதையில் ஒருவன் ஞாயிறுதோறும் இறந்துபோன மனைவியின் நைட்டியைத் துவைத்துக் கொடியில் போடுகிறான். பின்வீட்டு மாடியிலிருந்து ஒரு பெண் பார்க்கிறாள். கடைசியில் அவன் அந்த நைட்டியில் முகத்தைப் புதைத்து, மனைவியின் வாசனையை முகர்ந்து, விம்மி விம்மி அழுகிறான்.

திருப்பாதிரிப்புலியூரில் என் வீட்டுக் கொடி தெரிகிற மாடி ஒன்றுதான். பின்வீட்டு வெண்மதி அங்கேதான் உட்கார்ந்து படிப்பாள். தினமும் காலை ரயிலில் சிதம்பரம் போகிற பெண்.

கதையின் நடுவே ஒரு வரி இருந்தது. ‘சாயம் போகாமலிருக்க அவன் நைட்டியை உள்பக்கம் திருப்பிக் காயப்போட்டான், இனி அதை யார் உடுத்தப்போகிறார்கள் என்று அவனுக்குத் தோன்றவில்லை.’

நான் அப்படிச் செய்வதில்லை என்று நினைத்தேன். எழுந்துபோய் பீரோவைத் திறந்தேன். மடித்து வைத்திருந்தது. தையல் எல்லாம் வெளியே தெரிந்தது.

சத்யப்பிரியா எல்லாத் துணியையும் அப்படித்தான் போடுவாள். என் சட்டையையும்.

அந்த வரியை நான் எழுதியிருக்க வேண்டும் என்று தோன்றியது. பொறாமை. பதினாலு மாதத்தில் எனக்குள் அசைந்த முதல் விஷயம் அதுதான்.

சனிக்கிழமை கார்த்திகேசன் தன் அறைக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார்.

“தம்பி, அந்த ஏழாம் நம்பர் என்ன கதைன்னு ஒரு பையன் சொல்லி நேத்துதான் தெரிஞ்சுது. படிக்காமயே ஒங்களுக்கு அனுப்பிட்டேன். மன்னிச்சுக்கணும்.”

“நான்னு எப்பிடி சார் தெரிஞ்சுது?”

“கதையில வர்றவன் குடிகாட்டுல கம்பெனி வேல பாக்குறான், கத எழுதுறான், பொண்டாட்டி இல்ல. வேற எவன்? அந்தப் பொண்ண கூப்ட்டு நல்லா திட்டிட்டேன். ஒரே அழுக. அத எடுத்துடலாம். பதினொண்ணு போதும்.”

“பேசி முடிச்சுட்டு சொல்றேன் சார்.”

அரங்கில் அறுபது பேர் இருந்தார்கள். நான் குறிப்பு எதுவும் கொண்டுபோகவில்லை. கேளுங்கள் என்றேன்.

“ஒரு கத எழுத எவ்ளோ நாளாவும் சார்?”

“சிலது நாலு நாள். ஒண்ணு ரெண்டு வருஷம் ஆச்சு. முடியாதது நெறைய கெடக்கு.”

“லவ் பெயிலியர் ஆனாதான் எழுத வருமாமே?”

“அப்பிடின்னா நம்ம மச்சான் இந்நேரம் பத்து நாவல் எழுதியிருப்பான்டா” என்றது பின்வரிசை. சிரிப்பு அடங்கச் சற்று நேரமானது.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பார்த்ததை எழுதுங்கள். எழுதியதில் எந்த இடம் ரொம்ப அழகாக இருக்கிறதோ அங்கே சந்தேகப்படுங்கள். முடித்ததும் ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் சொல்வதைக் கேட்க வேண்டாம், கையைப் பாருங்கள்.

“கையவா சார்?”

“கீரை ஆஞ்சிக்கிட்டே கேக்குறாங்கன்னு வச்சுக்குங்க. கை வேகமாப் போனா கத போரடிக்குது. கை நின்னுச்சுன்னா அந்த எடம் சரி.”

சிலர் எழுதிக்கொண்டார்கள். முருங்கைக்கீரை என்றும், சமையலறைத் தரை என்றும், சத்யப்பிரியாவின் கை என்றும் நான் சொல்லவில்லை. டீ குடிக்கலாம் என்று கார்த்திகேசன் எழுந்தார்.

வெண்மதி தாழ்வாரத்துத் தூணருகே நின்றாள். கண் வீங்கியிருந்தது.

“சார்...”

“ஊர்ல அண்ணாம்ப. இங்க மட்டும் என்ன சாரு?”

“கதையக் குடுத்துடுங்கண்ணா. கிழிச்சுப் போட்டுடறேன்.”

“வேற காப்பி இருக்கா?”

“இல்ல.”

“இதுக்கு முன்னாடி எத்தன எழுதியிருக்க?”

“நாலு. எல்லாம் குப்பண்ணா. இது ஒண்ணுதான்...” நிறுத்தினாள். “ஒங்களக் கேக்காம எழுதுனது தப்புதான்.”

“கேட்டிருந்தா வேணாம்னிருப்பேன்.”

பையிலிருந்து கதையை எடுத்துக் கடைசிப் பக்கத்தைக் காட்டினேன்.

“இங்க அழுவுறான். பாத்தியா நீ?”

“பாக்கல.”

“பின்ன?”

“அழாம எப்பிடிண்ணா இருப்பாங்க?”

நான் அழவில்லை. ஆஸ்பத்திரியில் இல்லை, சுடுகாட்டில் இல்லை, பிறகும் இல்லை. ஊரே அதற்காகக் காத்திருந்தது எனக்குத் தெரியும். இவளும் காத்திருந்து பார்த்துவிட்டு, தானே அழவைத்திருக்கிறாள்.

“தொவச்ச துணியில என்ன வாசன வரும்?”

யோசித்தாள். “சோப்பு.”

“அவ்ளோதான் வரும். இந்த ஒம்பது வரிய அடிச்சுடு.”

“அடிச்சா கத எங்கண்ணா முடியும்?”

“மாடியிலேர்ந்து கடைசியா என்ன தெரியும்?”

“துணிய எடுத்துக்கிட்டு உள்ள போவீங்க. கதவ சாத்திடுவீங்க. அதுக்கப்புறம் ஒண்ணும் தெரியாது.”

“அங்கியே நிறுத்து.”

தூணில் தாளை வைத்து ஒவ்வொரு வரியாக அடித்தாள். பேனா ஓட்டை போட்டது. முடித்துவிட்டு, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

“அந்த ஒண்ண மட்டும் எதுக்குண்ணா வாரா வாரம் தொவைக்கிறீங்க?”

“அது மாடியிலேர்ந்து தெரியாது. அத நான் எழுதுறேன்.”

சொன்ன பிறகுதான் சொன்னதைக் கேட்டேன்.

கார்த்திகேசனிடம் ஏழு என்றேன். “நெசமாவா தம்பி? ஒங்களுக்கு சங்கடமில்லையே?” என்றார். மற்ற பதினொன்றில் இது மாதிரி ஒரு வரி இல்லை என்றேன். அது உண்மை.

மதியம் வெண்மதி வாசித்தாள். இரண்டு பேராசிரியைகள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் முன்வரிசையில் ஒரு மாணவியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துப்பட்டா நூலை முறுக்கிக்கொண்டே இருந்தாள். உள்பக்கம் திருப்பிக் காயப்போட்ட வரி வந்தது. கை நின்றது.

மறுநாள் ஞாயிறு. நைட்டியை ஊறவைத்தேன், துவைத்தேன். கொடிக்குப் போனபோது எந்தப் பக்கம் போடுவது என்று ஒரு கணம் நின்றேன். மாடியில் யாரும் இல்லை. வழக்கம்போலவே போட்டேன். இனி தெரிந்தே செய்ய வேண்டும், அதுதான் வித்தியாசம்.

உள்ளே வந்து சமையலறைத் தரையில் உட்கார்ந்து நோட்டை எடுத்தேன்.

‘காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய காலையில் அவள் பக்கெட்டில் ஒரு நைட்டியை ஊறவைத்திருந்தாள். எட்டு நாள் கழித்து அவன் மட்டும் திரும்பி வந்தபோது தண்ணீர் நாறியது. மூன்று முறை அலசினான். பதினாறாம் நாள், சுமங்கலியாகப் போனவள் புடவை வீட்டிலிருந்தால் நல்லது என்று சொந்தக்காரப் பெண்கள் ஆளுக்கொன்றாக எடுத்துப் போனார்கள். நைட்டியை யாரும் கேட்கவில்லை. நாற்றம் போய்விட்டதா என்று அவனுக்கு நிச்சயமில்லை. அடுத்த ஞாயிறு மறுபடி துவைத்தான். உலகமே அந்தப் பக்கெட்டுக்குள் தேங்கி நின்றது.’

சத்தமாக வாசித்தேன். எதிர்ச் சுவரோரம் யாரும் இல்லை. பார்ப்பதற்குக் கை இல்லை.

கடைசி வரி ரொம்ப அழகாக இருந்தது. அடித்தேன்.