மணி அடித்தால் நிற்கும்

ஆஸ்பத்திரி வாசலில் இருந்த பேருந்து நிறுத்தத்தை மேயர் எடுத்துவிட்டார். எதிர்ப்பக்கம் அவர் புதிதாகக் கட்டிய வீட்டின் மாடியில் நின்று காபி குடித்தால், நோயாளிகள் கூட்டம் கண்ணில் படுகிறதாம். அடுத்த நிறுத்தம் மேம்பாலத்துக்கு அப்பால். ஜனங்கள் அங்கே இறங்கி, பாலம் ஏறி, இருமிக்கொண்டே திரும்பி நடந்தார்கள்.

அந்தப் பேருந்தை ஓட்டுகிறவள் தினமும் அவர்களைப் பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். கண்ணாடிக்குள் அவர்கள் சிறுத்துச் சிறுத்து எறும்பாகி மறைவார்கள். ஆனாலும் அவள் வாயைத் திறக்கவில்லை. வேலை நிரந்தரமாகும் நேரம். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போய்விடக் கூடாதே என்ற பயம்.

அவள் ஓட்டுவதைப் பார்த்து அறிக்கை கொடுக்க அன்று காலை பரிசோதகர் ஏறினார். சொந்த அக்காவின் கணவர்தான். அதனால் விட்டுக்கொடுப்பார் என்று நினைத்துவிட வேண்டாம். தன் நிழலிடமே டிக்கெட் கேட்கிற மனிதர் அவர்.

ஆஸ்பத்திரி நெருங்கும்போது பின்னாலிருந்து யாரோ கயிற்றை இழுக்க, அவள் தலைக்கு மேல் மணி அடித்தது.

"நிறுத்தாதே. நேரா போ" என்றார் அத்தான்.

காலில் மாவுக்கட்டோடு ஒருவர் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "ஐயா, கட்டுப் பிரிக்கத்தான் போறேன். அந்தப் பாலத்தை ஏறி இறங்கினா இன்னொரு காலுக்கும் கட்டுப் போடணும்."

பேருந்து சிரித்தது. அத்தான் சிரிக்கவில்லை. "மேயர் உத்தரவு."

"அந்த மேயரை யாருப்பா உக்கார வச்சது?" முட்டைக் கூடையை மடியில் வைத்திருந்த அம்மாள் கேட்டாள். "ஓட்டுக் கேட்டு வந்தப்ப எங்க மூஞ்சி நல்லாத்தானே இருந்துச்சு. இப்ப மட்டும் கண்ணுல குத்துதா?"

"ஓட்டுப் போட்டாச்சுல்ல? அதோட உங்க வேலை முடிஞ்சுது. மிச்சத்த அடுத்த தேர்தல்ல பேசுங்க."

"அதுவரைக்கும் இவரு நொண்டணுமா?"

டை கட்டிய ஆபீஸ்காரர் ஒருவர் குறுக்கே வந்தார். "ஒருத்தருக்காக நிறுத்தினா நாளைக்கு ஆளாளுக்கு அவங்கவங்க வீட்டு வாசல்ல நிறுத்தச் சொல்வாங்கம்மா. ஒரு ஒழுங்கு வேணாமா?"

"வீட்டு வாசலுக்காக உத்தரவு போட்டவர் ஒரே ஒருத்தர்தான் சார்." முட்டைக்காரம்மாள் ஜன்னலுக்கு வெளியே தாடையால் காட்டினாள். "அதோ, மாடியில நிக்கறாரு பாருங்க."

ஆபீஸ்காரர் பார்த்தார். பிறகு கூச்சத்தோடு கையை உயர்த்தி, தானும் ஒருமுறை கயிற்றை இழுத்தார்.

அவ்வளவுதான். மணி ஓயவில்லை. பின் இருக்கை, நடு இருக்கை, படிக்கட்டு என்று யார் யாரோ இழுத்தார்கள். அவள் தலைக்கு மேல் ஒரு பெரிய பறவை சிறகடிப்பது போலிருந்தது. வண்டி ஓட்டத் தெரிந்தவள் நான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். எங்கே இறங்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். ஸ்டியரிங் கையில் இருக்கிறது என்பதற்காக வண்டி என்னுடையதாகிவிடுமா?

பிரேக்கை மிதித்தாள். கதவு திறந்தது.

ஒருவர் இறங்குவார் என்று பார்த்தால், பாதி வண்டி காலியானது. இத்தனை பேரும் இத்தனை நாளாக வாயை மூடிக்கொண்டுதான் பாலம் ஏறினார்களா? தன்னைப் போலவேதான் என்று அவளுக்குத் தோன்றியது. மாவுக்கட்டுக்காரர் கீழே நின்று மாடியைப் பார்த்து ஊன்றுகோலை உயர்த்தி ஆட்டினார். மேயர் காபியோடு உள்ளே போய்விட்டார்.

"நிரந்தரம் ஆகற நேரத்துல இப்படிப் பண்ணிட்டியே" என்றார் அத்தான். குரல் இறங்கியிருந்தது. "உங்க அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"மணி அடிச்சாங்க, வண்டி நின்னுச்சுன்னு சொல்லுங்க."

"நான் எழுதித்தான் ஆகணும். நிரந்தரத்தை மறந்துடு. ஊர்க்கோடியில ஏதாவது ஒரு ரூட்டுக்குத் தூக்கி அடிப்பாங்க."

"அங்கயும் மணி இருக்கும்ல, அத்தான்?"

அவர் பேனாவைத் திறந்தார். அவள் கதவை மூடவில்லை. இன்னும் யாராவது இறங்க வேண்டியிருக்கிறதா என்று கண்ணாடியில் நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.