பொத்தானுக்குப் பதினைந்து நாள்

அக்கா வீட்டிலேயே தையல் வேலை செய்பவள். கால்சட்டையின் நீளத்தைக் குறைப்பது, கோட்டின் இடுப்பைப் பிரித்துவிடுவது, பிய்ந்த ஜிப்பை மாற்றுவது என்று கூடம் முழுக்க யார் யாருடைய துணியோ தொங்கிக்கொண்டிருக்கும். மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. லிஃப்ட் கிடையாது. அந்த வீட்டுக்குத்தான் ஒரு சாயங்காலம் தம்பி சட்டைக்குள் ஒரு நாய்க்குட்டியை வைத்துக்கொண்டு வந்து நின்றான்.

தம்பிக்கு முப்பத்து நான்கு வயது. சொந்தக்காரர்களுக்குள் அவனுக்குப் 'பாதி' என்று பெயர். நீச்சல் பாதி, டிரைவிங் பாதி, தட்டச்சு பாதி. ஒரு கல்யாணப் பேச்சும் பாதியில் நின்றது. அட்டைப்பெட்டிக் கம்பெனியில் ஆளைக் குறைத்தபோது வேலை போய், இரண்டு மாதமாக அக்காவின் சோபாவே கதி என்று கிடந்தான்.

"பழைய கம்பெனி வாசல்ல தாய் லாரியில அடிபட்டுப் போயிடுச்சுக்கா. மத்த குட்டிங்களை ஆளுக்கொண்ணா எடுத்துட்டுப் போயிட்டாங்க. இது மட்டும் பலகைக்கு அடியில பதுங்கிக்கிட்டு இருந்துச்சு."

அவன் சொல்லி முடிப்பதற்குள் குட்டி கூடத்தின் நடுவில் ஒரு சின்னக் குளம் கட்டிவிட்டது.

"பாத்தியா," என்றாள் அக்கா. "இங்க தொங்குறதுல ஒண்ணு கூட என் துணி இல்ல. இதை வெச்சுக்கிட்டு நான் தொழில் பண்ண முடியுமா?"

"நான் பழக்குறேன்."

"நீயா?"

அந்த 'நீயா' அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. "பதினஞ்சு நாள் குடு," என்றான்.

"பதினஞ்சாவது நாளும் வீட்டுக்குள்ள போச்சுன்னா வேற யார்கிட்டயாவது குடுத்துடணும். அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

"சரி."

மூக்கு கறுப்பாக, வட்டமாக இருந்ததால் குட்டிக்குப் பொத்தான் என்று பெயர் வைத்தான்.

முதல் மூன்று நாள் அவனுக்குத் தெரிந்த ஒரே வித்தை அதட்டல்தான். ஈரத்தைப் பார்த்ததும் குட்டியை இழுத்துவந்து அதன் முகத்தருகே விரலை ஆட்டிக் கத்தினான். நான்காம் நாள் கூடம் காய்ந்திருந்தது. தம்பி காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். மதியம் தையல் மிஷினுக்குப் பின்னாலிருந்து வாடை வந்தது. அக்கா மிஷினை நகர்த்தினாள். நாலு இடத்தில் கறை.

தடுப்பூசி போடப் போன இடத்தில், கால்நடை மருத்துவமனை நர்ஸிடம் தம்பி குறைபட்டுக்கொண்டான். அந்த அம்மாள் ஊசியைக் குப்பையில் போட்டுக்கொண்டே கேட்டாள்: "நீங்க கத்துனா அதுக்கு என்ன புரியும்னு நெனைக்கிறீங்க?"

"வீட்டுக்குள்ள போகக் கூடாதுன்னு."

"இல்ல. உங்க கண்ணு முன்னாடி போகக் கூடாதுன்னு. அதான் ஒளிஞ்சு போகுது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடிச்சதும் கீழ தூக்கிட்டுப் போங்க. ஒரே இடம். போனதும் அங்கயே கொஞ்சுங்க, திங்கக் குடுங்க. வீட்டுக்குள்ள போனா வாயைத் தொறக்காம தொடைங்க. வினிகர் கலந்த தண்ணியில தொடைச்சாதான் வாடை போகும்."

"எத்தனை தடவை கீழ போகணும்?"

"அது எத்தனை தடவை போகுதோ அத்தனை தடவை."

மூன்று மாடிக்கும் சேர்த்து ஐம்பத்து நான்கு படி. மறுநாள் காலையிலிருந்து தம்பி குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு பதினோரு தடவை இறங்கி ஏறினான். கட்டடத்துக்குப் பின்னால், சைக்கிள் நிறுத்தும் இடத்தை ஒட்டி ஒரு புல் திட்டு. பொத்தான் அங்கே எறும்பைப் பார்க்கும், காகிதத்தைக் கடிக்கும், வந்த வேலையை மட்டும் செய்யாது. தம்பி கொட்டாவியை அடக்கிக்கொண்டு நிற்பான். மழை பெய்தால் குடையைக் குட்டிக்குப் பிடித்துத் தான் நனைவான். ஆறாம் நாள் அது முதல்முறையாகப் புல்லில் குந்தியபோது, சைக்கிளை எடுக்க வந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கொஞ்சித் தீர்த்தான்.

படி ஏறி ஏறிக் கெண்டைக்கால் கல்லாக இறுகிப்போனது. "விட்டுடேன்டா, இன்னும் எத்தனை நாளைக்கு?" என்று அக்காவே ஒருமுறை கேட்டாள். அவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் செருப்பை மாட்டினான்.

ஒன்பதாம் நாள் குடி கெட்டது. நாற்காலியிலிருந்து நழுவி விழுந்திருந்த பஸ் டிரைவரின் யூனிஃபார்ம் கோட்டின் மேல் பொத்தான் நிதானமாக ஒன்றுக்கு இருந்துவிட்டது. அக்கா கோட்டை இரண்டு விரலால் தூக்கி அவன் கையில் கொடுத்தாள். தம்பி கோட்டை அலசிக் காயவைத்து இஸ்திரி போட்டான். மறுநாள் தானே எடுத்துக்கொண்டு போய், நடந்ததை மறைக்காமல் டிரைவரிடம் சொன்னான். டிரைவர் கோட்டை முகர்ந்து பார்த்தார். "இதுக்கு முன்னாடி இருந்ததுக்கு இப்போ எவ்வளவோ பரவாயில்ல தம்பி," என்றார்.

அதன் பிறகு நான்கு நாள் வீடு காய்ந்தே இருந்தது. பதினான்காம் நாளும் அப்படித்தான்.

பதினைந்தாம் நாள் காலை அவனுக்கு ஒரு கிடங்கில் நேர்காணல். போகும்போது மூன்று முறை சொன்னான்: "பதினொரு மணிக்குக் கீழ கூட்டிட்டுப் போகணும்கா."

"தெரியும், போடா."

அவசரமாகக் கொடுக்கவேண்டிய திரைச்சீலைகள் பன்னிரண்டு அவள் மடியில் இருந்தன. மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தபோது மணி பதினொன்றே முக்கால். வாசல் கதவை ஒட்டி ஈரம். பொத்தான் ஓடவில்லை, ஒளியவில்லை. ஈரத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அவளைப் பார்த்தது.

சொன்ன சொல் சொல்தான் என்று நினைத்தவளாய், வாளியும் வினிகரும் எடுத்துவந்து மண்டியிட்டாள். துடைக்கும்போதுதான் கதவின் அடிப்பக்கம் கண்ணில் பட்டது. நீலப் பெயிண்டில் கீறல் விழுந்திருந்தது. ஒன்றிரண்டு கீறல் இல்லை. வரிவரியாக, கதவின் முழு அகலத்துக்கும். தரையில் பெயிண்ட் தூள் உதிர்ந்து கிடந்தது. குட்டியின் முன்னங்காலைத் தூக்கிப் பார்த்தாள். நகத்திலும் அதே நீலம்.

எவ்வளவு நேரம் பிறாண்டியிருக்கும் என்று யோசித்தாள். முதுகைக் காட்டிக்கொண்டு மிஷினை மிதித்துக்கொண்டிருந்தது அவள்தான்.

தம்பி ஒரு மணிக்கு வந்தான். வினிகர் வாடை வாசலிலேயே அவன் மூக்கில் ஏறியது. அவன் முகம் வாடிவிட்டது. சட்டைக் கையை மடித்துவிட்டு, குட்டியின் கிண்ணத்தை எடுத்துக் கழுவ ஆரம்பித்தான்.

"என்ன பண்றே?" என்றாள் அக்கா.

"கிடங்குல ஒருத்தர் வீட்ல தோட்டம் இருக்காம். கேட்டா எடுத்துப்பார்னு நெனைக்கிறேன். வாக்குக் குடுத்தேன்ல."

"கிண்ணத்தைக் கீழ வை. இங்க வந்து இதைப் பாரு."

அவன் குனிந்து கீறல்களைத் தடவிப் பார்த்தான்.

"அது கேட்டிருக்குடா," என்றாள் அக்கா. "எனக்குத்தான் கேக்கல."

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வேலை கெடைச்சிருச்சுக்கா. காலை ஷிஃப்ட். திங்கக்கிழமையிலேர்ந்து," என்றான்.

"அப்போ பகல்ல இதை யாரு கீழ கூட்டிட்டுப் போவா?"

அவன் குட்டியின் காதைத் தடவினான்.

"சரி, மிஷினை ஒரு கை புடி," என்றாள் அவள். இருவருமாக அதைத் தூக்கி, அவள் கதவைப் பார்த்து உட்காரும்படி திருப்பிப் போட்டார்கள். வெளிச்சம் இப்போது தப்பான பக்கத்திலிருந்து விழுந்தது. விளக்கை மாற்றிக்கொள்ளலாம் என்றாள்.