மேளச் சபையும் மேளமில்லாச் சபையும்

1.

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. எங்கள் மூப்பர் சிம்வாசா ‘விசுவாசிகளின் ஐக்கியம்’ பற்றிப் பிரசங்கித்தபோது சபையே அழுதது. நான் எழுதியதைப் படித்து இதுவரை கொட்டாவிதான் விட்டிருக்கிறார்கள். அவரை மிஞ்சிக் காட்டுகிறேன் என்று உட்கார்ந்தேன்.

‘பலோம்பே மலையடிவாரத்தில் மழை ஒரு தாயைப் போல—’

(அடித்துவிட்டேன். எந்தத் தாயும் பாலத்தை அடித்துக்கொண்டு போகமாட்டாள்.)

2.

ஒரே சபையாகத்தான் இருந்தோம். ஆராதனையில் மேளம் அடிக்கலாமா என்று சண்டை வந்தது. லைசன் தன் மேளத்தோடு பாதிப் பேரைக் கூட்டிக்கொண்டு சோளக்காட்டுக்கு அப்பால் தனிச்சபை போட்டான். அதன்பின் சாவு வீட்டில்கூட இரு கூட்டமும் ஒரே பானைக் களியைத் தொடுவதில்லை.

ஒரு ஞாயிறு, நாங்கள் ஜெபத்தில் இருந்தபோது லைசன் தொப்பலாக நனைந்து வாசலில் வந்து நின்றான்.

“மூப்பரே, என் பொண்டாட்டி எனெசுக்கு நேத்திலேர்ந்து வலி. பிள்ள குறுக்க கெடக்குதாம். பாலம் போயிடுச்சு, வண்டி வராது. மலையச் சுத்தித் தூக்கிட்டுத்தான் போகணும். எங்க ஆளுங்க பத்தாது.”

(மூப்பரின் மனப்போராட்டம் என்று இங்கே ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அவருக்கு அப்படி எதுவும் வரவில்லை. கிழித்துவிட்டேன்.)

“ஆமென் அப்புறம் சொல்லிக்கலாம், எந்திரிங்கடா!” என்றார் மூப்பர். கோவில் கதவைக் கழற்றச் சொன்னார்.

3.

கதவின்மேல் எனெஸ் கிடந்தாள். இரண்டு சபை ஆட்களும் தோள் மாற்றித் தோள் மாற்றிச் சுமந்தார்கள். முழங்கால் வரை சேறு. சுமந்தவர்களின் நடை ஒன்றுசேரவில்லை, கதவு ஆடியபோதெல்லாம் அவள் அலறினாள்.

இந்த இடத்தில் மூப்பரே மேளம் கேட்டார் என்று எழுதக் கை துறுதுறுக்கிறது. அவர் கேட்கவில்லை. “இடது! வலது!” என்று போலீஸ்காரர் மாதிரி கத்தினார்.

“உங்க பாட்ட விட இது தேவல, மூப்பரே,” என்றான் லைசன், அழுதுகொண்டே.

“வாய மூடு. தோளக் குடு.”

(நான் எந்தப் பக்கம் பிடித்தேன் என்று கேட்காதீர்கள். எல்லாருடைய செருப்பையும் நான்தான் சுமந்தேன். அதற்கும் ஓர் ஆள் வேண்டாமா?)

பாதி வழியில் அவள் சத்தம் நின்றுபோனது. மூப்பர் குனிந்தார்.

“தாயி, யாரையாவது திட்டும்மா.”

கொஞ்சம் கழித்துத்தான் உதடு அசைந்தது. “உங்களத்தான் திட்டணும். நத்த மாதிரி போறீங்க.”

அதற்குப் பிறகு ஓடினார்கள்.

4.

ஆஸ்பத்திரியில் வயிற்றை அறுத்துப் பிள்ளையை எடுத்தார்கள். பெண் குழந்தை. தாயும் பிழைத்தாள்.

இங்கேயே முடித்தால் இது மூப்பரின் பிரசங்கமாகிவிடும். தவிர, அவள் வீடு திரும்பியதுமே அடுத்த சண்டை வந்துவிட்டது: ஞானஸ்நானம் எந்தச் சபையில்?

“கதவு எங்களுது!”

“பிள்ள எங்களுது!”

“சிரிக்க வைக்காதீங்க, தையல் பிரிஞ்சிடும்,” என்றாள் எனெஸ். “ரெண்டு கூட்டமும் என் முற்றத்துக்கு வாங்க. லைசன் மேளம் அடிக்கட்டும். பிள்ள தூங்கினா மேளச் சபை. அழுதா மூப்பர் சபை.”

5.

வந்திருக்கிறோம். முற்றம் சின்னது, யார் எந்தச் சபை என்று பிரித்து உட்கார இடமில்லை. என் மடியில் பாதி ஒரு மேளக்காரர் மடி.

பிள்ளை மூப்பரின் கையில் தூங்குகிறது. லைசன் கையை ஓங்கிவிட்டான். மூப்பர் மெதுவாக, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, பிள்ளையின் காதுகளைப் பொத்துகிறார்.

பிள்ளை தூங்கினால் தோற்பது தாம்தான் என்பதை மறந்துவிட்டாரா? மறக்கவில்லையா?

இதை எழுதும் துணிச்சல் எனக்கில்லை. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும்: சத்தம் போடாமல் படியுங்கள். பிள்ளை—