இரண்டு நிமிடப் பதில்

பெரியவளுக்கு வெளிநாட்டு மருத்துவக் கல்லூரியில் நேர்முகத் தேர்வு. இன்னும் மூன்றே நாள். ஏன் டாக்டராக வேண்டும் என்று கண்டிப்பாகக் கேட்பார்களாம். இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்க வேண்டுமாம். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை முடிந்து வந்த கையோடு, அம்மா போனில் டைமரை வைத்துக்கொண்டு மகளுக்கு எதிரே உட்கார்ந்துவிடுவாள்.

நம் மொழியிலேயே சொல்லிப் பழகட்டும், மனதில் ஊறிவிட்டால் அந்த ஊர் மொழி தானாக வரும் என்பது லேப்டாப்பில் வந்து பயிற்சி கொடுக்கும் வாத்தியாரின் கட்சி. பாழாய்ப்போன கட்சி! அந்நிய மொழியில் சொல்லித் தொலைத்திருந்தால் அம்மா பாட்டுக்கு டைமரைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பாள்.

"அன்னைக்கு ஞாயித்துக்கிழமை" என்றுதான் பதில் தொடங்கும். தம்பிக்குக் காலையிலிருந்து வயிற்றுவலி. வாயுவாக இருக்கும் என்று அம்மா இருட்டும்வரை விட்டுவிட்டாள். குடல் முறுக்கிக்கொண்டு, ஆறு வயதில் போய்விட்டான். நேரத்துக்குத் தூக்கிப்போயிருந்தால் பிழைத்திருப்பான். அதனால்தான் டாக்டராக வேண்டும்.

அம்மா அன்றைக்கு வீட்டிலேயே இல்லை. சலவைக்கூடத்தில் இரட்டை ஷிப்ட். சின்னவனைப் பார்த்துக்கொண்டது எட்டு வயதுப் பெரியவள். எப்போது வலித்தது, ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று சொந்தக்காரர்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்தப் பிஞ்சைக் குடைந்து எடுத்தபோது, அம்மா குறுக்கே புகுந்தாள். நான்தான் வீட்டில் இருந்தேன், நான்தான் விட்டுவிட்டேன் என்று பழியைத் தூக்கித் தன் தலையில் போட்டுக்கொண்டாள். பத்து வருடமாக அதையே கேட்டுக் கேட்டுப் பெரியவளும் நம்பிவிட்டாள். நம்பினால் நம்பட்டுமே, பிள்ளை நிம்மதியாகத் தூங்குகிறாள் அல்லவா!

இன்றைக்கு வாத்தியார் பதிலைக் கேட்டுவிட்டு, நன்றாக இருக்கிறது, ஆனால் துருவுவார்கள் என்றார். வலிக்கிறது என்று பையன் முதலில் யாரிடம் சொன்னான், என்ன சொன்னான் என்று கேட்டார்.

பெரியவள் வாயைத் திறந்தாள். கண் எங்கோ போய் நிலைகுத்தி நின்றது. அம்மா போனைக் கீழே வைத்துவிட்டு முந்திக்கொண்டாள்.

"அம்மாகிட்டதான் சொன்னான்னு சொல்லேன்டி."

"என்கிட்டதாம்மா சொன்னான்," என்றாள் பெரியவள் மெல்ல. "அக்கா, வலிக்குதுன்னான். சும்மா நடிக்காத, போய்ப் படுன்னு சொல்லிட்டு டிவி சத்தத்தைக் கூட்டி வெச்சேன்."

அம்மா லேப்டாப்பைப் பட்டென்று மூடினாள். வாத்தியார் பாதிப் பேச்சில் காணாமல் போனார்.

"கண்டதையும் உளறாதடி. அன்னைக்கு நீ எங்க வீட்டுல இருந்தே? ஸ்கூலுக்கில்ல போயிருந்தே."

பத்து வருடமாக ஒரே பொய்யைத் தடுமாறாமல் சொன்ன வாய். பெரியவள் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டைமர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"அன்னைக்கு ஞாயித்துக்கிழமைம்மா," என்றாள்.